ரயில் போகாத ஊருக்கு வந்த ரயில் பெட்டிகள்

2024ஆம் ஆண்டின் நடுவில், லண்டனில் வேலை பார்க்கும் என் மகள் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு படம் அனுப்பியிருந்தாள். சாம்பல் நிறக் கான்கிரீட் கட்டடம் ஒன்றின் முகப்பு முழுவதையும் ஊதாவும் இளஞ்சிவப்புமான ஒரு பெருந்துணி மூடியிருந்தது. அது பார்பிகன் கலை மையம் என்றும், இந்தத் துணியை ஆப்பிரிக்காவில் ஒரு விளையாட்டரங்கின் புல்தரையில் விரித்துப் போட்டுத் தைத்தார்களாம் என்றும் கீழே எழுதியிருந்தாள். தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், கலை தொடர்பாக எதைக் கண்டாலும் எனக்கு அனுப்புவது அவள் வழக்கம். ‘நன்றாக இருக்கிறது’ என்று பதில் போட்டுவிட்டுத் தூங்கப் போவது என் வழக்கம். அன்று தூக்கம் வரவில்லை. அந்தக் கலைஞரின் முந்தைய படைப்புகளைத் தேடத் தொடங்கினேன். துணிக்கு முன்னால் அவர் பயன்படுத்தியது சாக்கு. கிழிந்து, அழுக்கேறி, ஒட்டுப்போட்ட பழைய கோணிச் சாக்குகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று தைக்கப்பட்டுக் கட்டடங்களின் மேல் கிடந்தன. இரவு இரண்டு மணி வரை அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் அப்பா பினாங்கு வெல்ட் கீ கிடங்குகளில் மூட்டை தூக்கியவர். நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து தொங்காங் படகுகளில் வந்து சேரும் அரிசி, வெங்காயம், கொப்பரை மூட்டைகளை, படகுக்கும் கரைக்கும் இடையே போட்ட ஒற்றைப் பலகை வழியாகச் சுமந்து கிடங்குக்குள் அடுக்குவது வேலை. ஒரு கோணியின் ஒரு மூலையை மற்றொரு மூலைக்குள் திணித்துக் கூம்பாக்கித் தலையில் கவிழ்த்துக்கொள்வார். அதன் மீதிப் பகுதி முதுகில் தொங்கி மூட்டையின் உராய்வைத் தாங்கும். வலது கையில் மரப்பிடி போட்ட இரும்புக் கொக்கி இருக்கும். மூட்டைக்கு ஒரு குச்சி என்பது கணக்கு. கணக்கப்பிள்ளை நீட்டும் மூங்கில் குச்சியைப் பல்லில் கடித்தபடி உள்ளே போவார்கள். மாலையில் குச்சிகளை எண்ணித்தான் கூலி. அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் சாக்கின்மேல் தகரத் தகட்டை வைத்து மை பூசிய அடையாளங்களைக் கொண்டு எது ரங்கூன் அரிசி, எது சயாம் அரிசி, எது எந்தத் தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், சரக்கு என்று பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். 1969இல் பினாங்கு தீர்வையில்லாத் துறைமுகம் என்ற தகுதியை இழந்த பிறகு கிடங்குகளில் வேலை சுருங்கியது. பிறகு கொள்கலன்கள் வந்து, துறைமுகமே பட்டர்வொர்த் கரைக்கு நகர்ந்ததுபோல் ஆனது. அப்பா ஒரு மரப்பட்டறையில் இரவுக் காவலுக்குப் போனார். கொக்கி மட்டும் வீட்டில் தங்கியது. இப்போதும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.

சாக்குகளைக் கண்டு நான் தூங்காமல் கிடந்ததற்குக் காரணம் இவ்வளவுதான்.

அந்தக் கலைஞரின் பெயர் இப்ராஹிம் மஹாமா. கானா நாட்டின் வடக்கே தமாலே என்னும் நகரில் 1987இல் பிறந்தவர், குமாசி நகரிலுள்ள குவாமே நுக்ருமா பல்கலைக்கழகத்தில் ஓவியமும் சிற்பமும் பயின்றவர். கானா உலகின் பெரிய கொக்கோ உற்பத்தி நாடுகளுள் ஒன்று. அந்தக் கொக்கோவை ஏற்றுமதி செய்யத் தேவைப்படும் சணல் சாக்குகளோ ஆசியாவில் நெய்யப்பட்டுக் கப்பலில் அங்கே போகின்றன. கொக்கோவுக்குப் பயன்பட்ட பிறகு அதே சாக்கில் அரிசியும் சோளமும் கட்டப்படும், அதன் பிறகு கரி. கரி மூட்டையான பின் சாக்குக்குச் சந்தையில் மதிப்பில்லை. மஹாமா தேடிப் போனது அந்தக் கடைசிக் கட்டத்துச் சாக்குகளை. வியாபாரிகளிடம் புதுச் சாக்கைக் கொடுத்துப் பழையதை வாங்கிக்கொள்வார். புதியதைக் கொடுத்துக் கிழிசலைக் கேட்கும் ஆளைப் பார்த்து அந்தச் சந்தைக்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது, ஏனென்றால் அண்மையில் நானும் அப்படி ஒரு பார்வையை வாங்கிக்கொண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

சாக்குகளைத் தைப்பதை அவர் தனியாக ஓர் அறையில் உட்கார்ந்து செய்வதில்லை. சந்தைகளிலும் கைவிடப்பட்ட கட்டடங்களிலும் பழைய ரயில் நிலையங்களிலும் ஆட்களைக் கூட்டி வைத்துத் தைக்கிறார். தைப்பவர்களில் பலர் வடக்கிலிருந்து பிழைப்புத் தேடித் தெற்கு நகரங்களுக்குப் போனவர்கள். வட கானாவிலிருந்து இளம்பெண்கள் அக்ராவுக்கும் குமாசிக்கும் போய்த் தலைச்சுமை தூக்கிப் பிழைப்பது அங்கே வெகுகாலமாக நடந்து வருவது. அவர்களை ‘கயாயே’ என்கிறார்கள். அவர் எடுத்த நிழற்படங்களில் சிலரின் முன்கைகள் மட்டும் தெரியும். அவற்றில் சொந்தப் பெயரோ உறவினர் பெயரோ பச்சை குத்தப்பட்டிருக்கும். வேலை செய்யும் இடத்திலோ வழியிலோ ஏதாவது நேர்ந்து இறந்துபோனால், பிணத்தை யாரிடம் ஒப்படைப்பது என்று தெரிய வேண்டும் அல்லவா, அதற்காகக் குத்திக்கொண்டது. சாக்கின்மேலும் அப்படியே உரிமையாளர்கள் கையால் எழுதிய பெயர்கள் இருக்கும். சாக்கும் முன்கையும் ஒரே மாதிரி பெயர் சுமப்பதை அருகருகே காட்டும் அந்தப் படங்களுக்கு அவர் விளக்கம் எதுவும் எழுதாமல் விட்டிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்கும். மலாயாவுக்குக் கப்பலேறி வந்த நம் முன்னோரிடம் அந்த அடையாளமும் இல்லை.

2015இல் வெனிஸ் பியனாலே என்னும் பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் ஆர்செனாலே கட்டடத்தை ஒட்டிய நீண்ட வழியின் இரு பக்கச் சுவர்களையும் அவர் சாக்கால் மூடினார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. உலகம் கவனித்தது, விலை ஏறியது. விலை ஏறினால் என்ன நடக்கும் என்பதற்கும் அவர் கதையிலேயே சான்று இருக்கிறது. மொத்தமாகச் சாக்கு வாங்கிய வணிகர்கள் இருவர் அதைச் சிறு துண்டுகளாக வெட்டிச் சட்டமிட்டு, ஏறத்தாழ 300 தனித்தனிப் படைப்புகளாக விற்க முனைந்தபோது அவை தன்னுடையவை அல்ல என்று மஹாமா மறுத்தார். அவர்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். பிறகு சமரசமானது. கரி மூட்டையாக இருந்தவரை யாரும் சீண்டாத சாக்கு, கண்ணாடிச் சட்டத்துக்குள் போனதும் வழக்காடத் தகுந்த சொத்தாகிவிட்டது.

இதுவரை சொன்னது ஒரு கலைஞன் பெயர் பெற்ற கதை. அப்படிப்பட்டவை ஏராளம் உண்டு. பெயர் வந்த பிறகு அவர் பணத்தை எங்கே கொண்டுபோனார் என்பதுதான் நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

தமாலேயைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால்தான் இது விளங்கும். பிரிட்டிஷ்காரர்கள் கானாவைக் கோல்ட் கோஸ்ட் என்று அழைத்து ஆண்ட காலத்தில் தெற்கில் தங்கச் சுரங்கமும் கொக்கோத் தோட்டமும் இருந்தன. வடக்கை, அவற்றுக்கு ஆள் கொடுக்கும் நிலமாகவே வைத்திருந்தார்கள். பள்ளிகள் குறைவு, சாலைகள் குறைவு. 1898இல் செக்கொண்டி துறைமுகத்திலிருந்து போடத் தொடங்கிய ரயில் பாதை 1903இல் குமாசியை எட்டியது. தமாலேக்கு அது வரவே இல்லை. தங்கமும் மரமும் கொக்கோவும் இருந்த இடம்வரை தண்டவாளம் போனது, மனிதர்கள் மட்டும் இருந்த இடத்துக்குப் போகவில்லை. பேராக், சிலாங்கூர் பக்கத்து ஈய வயல்களிலிருந்தும் ரப்பர்த் தோட்டங்களிலிருந்தும் துறைமுகத்துக்குப் போட்ட பாதைகளை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இருக்காது. கானா விடுதலை பெற்றது 1957 மார்ச் 6, மலாயா அதே ஆண்டு ஆகஸ்ட் 31. ஆறு மாத இடைவெளியில் பிறந்த பிள்ளைகள் என்று வகுப்பில் சொல்லியிருக்கலாம். எனக்கே அப்போது தெரியாது.

இந்தத் தமாலேயில் 2019இல் மஹாமா ஒரு கலைக்கூடத்தைத் திறந்தார். சவன்னா சமகாலக் கலை மையம் என்பது பெயர். தன் படைப்புகளை விற்று வந்த பணத்தில் கட்டியது, பார்க்கக் கட்டணம் கிடையாது. அதன் முதல் கண்காட்சியாக அவர் வைத்தது கோஃபி டாசன் என்ற மூத்த கானா ஓவியரின் வாழ்நாள் பணிகளை. தன் ஊரில் தான் கட்டிய கூடத்தில் முதல் நாற்காலியை இன்னொருவருக்குப் போட்டவர் என்ற ஒரு செய்திக்காகவே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. நம் ஊரில் ஒருவர் மண்டபம் கட்டினால் வாசலில் முதலில் அவர் அப்பாவின் படம் மாட்டப்படும் (மாட்டட்டும், தவறில்லை. ஆனால் வேறுபாடு இருக்கிறது).

அடுத்த ஆண்டு, நகரத்துக்கு வெளியே செம்மண் நிலத்தில் ‘ரெட் கிளே’ என்ற பெரிய வளாகம் எழுந்தது. செங்கல் கட்டடங்கள், கூடங்கள், பட்டறைகள். அங்கேதான் ரயில் பெட்டிகள் வருகின்றன. தெற்கே துருப்பிடித்துக் கிடந்த பழைய பெட்டிகளை வாங்கி, ரயிலே வராத ஊருக்கு லோரிகளில் ஏற்றி வந்து நிறுத்தினார். பறக்கும் தகுதி இழந்த விமானங்களையும் அப்படியே கொண்டுவந்து நிறுத்தி, உள்ளே பிள்ளைகளுக்கு வகுப்பறைகள் அமைத்தார். படங்களில், விமானப் படிக்கட்டின் கீழே செருப்புகளைக் கழற்றிவிட்டுச் சிறுவர்கள் மேலே ஏறுவதைப் பார்க்கலாம். நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் செருப்புகளை எண்ணினேன். பதினேழு. ஒற்றைச் செருப்பு ஒன்று தனியாகக் கிடந்தது. எந்தப் பள்ளி வாசலிலும் அப்படி ஒன்று கிடக்கும்.

மூன்றாவதாக ஒரு தானியக் களஞ்சியம். விடுதலைக்குப் பின் நாட்டின் முதல் தலைவர் குவாமே நுக்ருமாவின் அரசு நாடெங்கும் கட்டத் தொடங்கிய கான்கிரீட் குதிர்களுள் ஒன்று அது. 1966 பிப்ரவரியில் இராணுவம் அவரைக் கவிழ்த்ததும் வேலை பாதியில் நின்றது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு மணி தானியமும் அதில் விழவில்லை. மஹாமா அதை விலைக்கு வாங்கியபோது உள்ளே வௌவால்கள் குடியிருந்தன. அவற்றை விரட்டாமலே இடத்தைச் சீர்செய்து 2021இல் திறந்தார். ‘நுக்ருமா வோலினி’ என்று பெயர் வைத்தார். அவ்வூர்த் தக்பானி மொழியில், நுக்ருமாவின் பொந்துக்குள் என்பது போன்ற பொருள் வருமாம். தோற்றுப்போன ஒரு கனவை இடித்துத் தள்ளவும் இல்லை, வெள்ளையடித்து மறைக்கவும் இல்லை.

கலைஞர்கள் பொதுப்பணிக்கு வருவது ஆப்பிரிக்காவில் அரிதன்று. செனகல் பாடகர் யூசு என்டோர் 2012இல் அதிபர் பதவிக்கே போட்டியிட முயன்று, வேட்புமனு தள்ளுபடியாகி, அதே ஆண்டு பண்பாட்டு அமைச்சரானார். அடுத்த ஆண்டே அமைச்சரவையை விட்டு வெளியேறினார். பெனின் நாட்டில் பிறந்த பாடகி ஆஞ்சலிக் கிஜோ பெண்பிள்ளைகளின் கல்விக்காக ‘பட்டோங்கா’ என்ற அறக்கட்டளையை நடத்துகிறார். புர்க்கினா ஃபாசோவின் காண்டோ என்னும் சிற்றூரில் பிறந்த கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கெரே, பெர்லினில் மாணவராக இருந்தபோதே பணம் திரட்டி, ஊராரின் உழைப்பில் மண் செங்கற்களைக் கொண்டு தன் ஊருக்கு ஒரு தொடக்கப்பள்ளி கட்டினார். அது 2001இல் முடிந்தது, 2022இல் அவருக்குக் கட்டடக் கலையின் உயரிய பரிசான பிரிட்ஸ்கர் கிடைத்தது. மூவரில் என் மனம் சாய்வது கெரேயின் பக்கம். அமைச்சர் நாற்காலியில் உட்காரும் கலைஞன் கோப்புகளைத் தள்ளுவதற்குள் பதவிக்காலம் முடிந்துவிடுகிறது. நன்கொடை தருபவன் நல்லவன், ஆனால் அவன் தருவது பெரும்பாலும் தன் தொழிலுக்கு வெளியே நிற்கிறது. கெரேயும் மஹாமாவும் தங்கள் தொழிலையே, அதன் முறைகளோடும் அதன் சந்தையோடும் சேர்த்து, ஊருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பார்பிகனைப் போர்த்திய அந்தத் துணி ஏறத்தாழ 2000 சதுர மீட்டர். தமாலேயில் நூற்றுக்கணக்கானவர்கள் கையால் நெய்து, தைத்தார்கள். அதன்மேல் குடும்பங்களில் தலைமுறைகளாக இருந்த ‘பட்டகரி’ என்னும் கைத்தறி மேலங்கிகளைக் கோத்திருந்தார்கள். லண்டன் கொடுத்த வேலையின் கூலி தமாலே நெசவாளர் வீட்டு அடுப்புவரை போயிருக்கிறது என்றால், அதை நான் பொதுப்பணி என்றே எடுத்துக்கொள்வேன்.

இதை இவ்வளவு வலியுறுத்திச் சொல்வதற்குப் பினாங்கில் எனக்குக் கிடைத்த அனுபவமும் காரணம். 2008இல் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்ந்தது. 2012இல் ஆர்மேனியன் தெருச் சுவரில் சைக்கிள் ஓட்டும் இரு குழந்தைகளின் ஓவியம் வந்தது. அதன் பிறகு சுவர் ஓவியம் என்பது இந்த ஊரில் ஒரு தொழிலாகிவிட்டது. அந்த ஓவியத்தின் மேல் எனக்குக் குறையில்லை, நல்ல கோடு, நல்ல கண். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வோர் அமைப்புக்கும் ஒரு சுவர் தேவைப்பட்டது. ஆயர் ஈத்தாம் பக்கத்து அடுக்குமாடி ஒன்றில் பிள்ளைகளைக் கொண்டு கீழ்த்தளச் சுவரில் படம் வரைந்து தரவேண்டும் என்று ஓர் அமைப்பு என்னைக் கேட்டபோது நானும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். பன்னிரண்டு பிள்ளைகள். அவரவர் தாத்தா பாட்டி என்ன வேலை செய்தார்கள் என்று வீட்டில் கேட்டு வந்து அதை வரையச் சொன்னேன். பால்மரம் வெட்டும் பாட்டி, நகராண்மைக் கழகத்துக் குப்பை லோரி, மூட்டை தூக்கும் ஒருவர். ஆறு சனிக்கிழமைகள் ஆயின. திறப்பு விழாவுக்கு ஒரே நிறச் சட்டை, மாலை, பதாகை, நூறு கைப்பேசிகள். ஏழு மாதம் கழித்து, தண்ணீர்க் கசிவைச் சரிசெய்கிறோம் என்று சுவர் முழுவதும் வெளிர்மஞ்சள் அடித்துவிட்டார்கள். யாரும் எனக்குச் சொல்லவில்லை. பிள்ளைகளில் ஒருவன்தான் தொலைபேசியில் அழைத்து, “சார், நம்ம சுவத்தைக் காணோம் சார்” என்றான்.

அந்த அமைப்பை நான் பெரிதாகக் குறை சொல்லவில்லை. சுவர் கேட்டவர்களுக்கு நான் சுவரைக் கொடுத்தேன், ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் ஒரு பூட்டும் உள்ள சிறு அறையைக் கேட்டிருக்க வேண்டும். அந்த அறை இருந்திருந்தால் அடுத்த சனிக்கிழமையும் பிள்ளைகள் வந்திருப்பார்கள். இந்தக் கணக்கு எனக்கு அப்போது தோன்றவில்லை. தமாலேக்காரர் முப்பத்தைந்து வயதுக்குள் கண்டுகொண்டதை நான் அறுபதைத் தாண்டிய பிறகு கண்டேன்.

ஐயங்களும் இல்லாமல் இல்லை. இந்த மூன்று இடங்களும் ஒரு தனிமனிதரின் படைப்புகள் விற்கும்வரை நடக்கும். கலைச் சந்தையின் மோகம் நிலையற்றது. இன்று சாக்கு, நாளை வேறொன்று. மின்கட்டணமும் காவலாளி சம்பளமும் மோகம் பார்த்து நிற்காது. தைப்பவர்களின் கூலி எவ்வளவு, கூடத்துச் சுவரில் அவர்கள் பெயர் எங்கே என்ற கேள்வியும் நியாயமானது. ஐரோப்பியச் செல்வந்தர் ஒருவர் வரவேற்பறையில் மாட்டப் பழைய சாக்கை வாங்கி, அந்தப் பணத்தில் கானாவில் வகுப்பறை கட்டப்படுவது ஒரு விசித்திரமான சுற்றுவழி. என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற துறைமுக எழுத்தர், இதைக் கேட்டதும் “அரசாங்கம் செய்ய வேண்டியதை ஒரு ஆள் செஞ்சா, அரசாங்கம் கையைக் கட்டிக்கிட்டு நின்னுடும்” என்றார். சரிதான். ஆனால் அவரும் நானும் படித்த தமிழ்ப்பள்ளியின் முதல் கூரை, தோட்டத்து ஆட்கள் சம்பளத்தில் மாதம் ஐம்பது காசு பிடித்துக்கொடுத்துப் போட்டது. அரசாங்கம் கையை அவிழ்க்கும்வரை காத்திருந்தால் நாங்கள் இருவரும் மழையில் நனைந்துகொண்டே வாய்ப்பாடு படித்திருப்போம். இதை அவரிடம் சொன்னேன். “அது வேற” என்றார். ஏன் வேறு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

சென்ற மாதம் லிட்டில் இந்தியாவில் மளிகைச் சாமான் மொத்தமாக விற்கும் கடை ஒன்றுக்குப் போய்ப் பழைய சணல் சாக்கு இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும்.

“இப்ப எல்லாம் பிளாஸ்டிக் சார். சாக்கு எதுக்கு?”

“சும்மாதான். கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்லை.”

உள்ளே போய்ப் புதுச் சாக்கு ஒன்றை எடுத்து வந்தார். வேண்டாம், பழையதுதான் வேண்டும் என்றேன். அந்தப் பார்வையைப் பார்த்தார். பிறகு கடையில் வேலை செய்யும் வங்காளதேசத்து இளைஞனைக் கூப்பிட்டுப் பின்கட்டில் தேடச் சொன்னார். அவன் ஒரு சாக்கை உதறியபடியே வந்தான். கொத்தமல்லித் தூசி கிளம்பி இருவருக்கும் தும்மல் வந்தது. “இது எங்க ஊர்ச் சாமான். எங்க வீட்டிலயும் சணல் போடுவாங்க” என்று கடைத் தமிழில் சொன்னான், முகம் மலர்ந்திருந்தது. சாக்கின் ஒரு பக்கம் ஒட்டுப்போட்டிருந்தது. மங்கிப்போன அச்செழுத்துக்குக் கீழே யாரோ கறுப்பு மையில் கையால் இரண்டு எழுத்துகள் போட்டிருந்தார்கள். பெயரா, எடையா என்று தெரியவில்லை. எவ்வளவு என்று கேட்டதற்குக் கடைக்காரர் கையை ஆட்டிவிட்டார். நான் விடாமல் ஐந்து வெள்ளியை மேசையில் வைத்துவிட்டு, சாக்கை மூலையோடு மூலை மடித்து வீட்டுக்கு எடுத்து வந்தேன். கொக்கி இருக்கும் இழுப்பறையில் அது நுழையவில்லை.